லோடு ஏற்றிப் போன அப்பாவும், துபாய் போன அப்பாவும்

நான் பத்தாவது வரை படித்தவள். ஈரோட்டில் குடித்தனம். வீட்டுக்காரர் ஜவுளி வியாபாரம். திங்கட்கிழமை ராத்திரி சந்தைக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு போனால் செவ்வாய்க்கிழமை பொழுதோடதான் வீடு திரும்புவார். அந்த ஒரு ராத்திரிதான் எனக்கென்று கிடைக்கிற நேரம். மளிகை லிஸ்ட் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லாத நான், நாலு செவ்வாய்க்கிழமையாக அடித்து அடித்து எழுதியது இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். என் பேரும் எங்கள் வீட்டு ஆட்கள் பேரும் வேண்டாம்.

2025 பங்குனிக் கடைசியில் என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரருடைய தங்கை, எட்டு வயசு மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு பெட்டி. முழாண்டுப் பரீட்சை முடிந்த சமயம் என்பதால், "லீவுக்கு வந்திருக்கோம்" என்று பாப்பாவிடம் சொன்னார்கள். (அவளைப் பாப்பா என்றே சொல்கிறேன். வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.) ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. லீவு என்று இனிமேல் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே புதுப் பள்ளிக்கூடத்தில் மூணாவது சேர்த்தோம். "அப்பா எங்கீங் அம்மாயி?" என்று பாப்பா கேட்டதற்கு என் மாமியார் யோசிக்காமல், "உன்ற அப்பன் துபாய்க்கு வேலைக்குப் போயிருக்குது கண்ணு. நெறையப் பணம் சம்பாரிச்சுட்டு வரும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீடு மொத்தமும் துபாய் பாட்டைப் பாட ஆரம்பித்தோம். நானும்தான். பாப்பாவின் அப்பாவும் இதற்கு ஒத்துக்கொண்டார். வாரம் ஒரு தரம் போன் பண்ணி, "இங்க ஒரே வெயிலு சாமி" என்பார். அவர் இருந்ததோ சித்தோட்டில், எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில்.

அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அதை நான் எழுதப் போவதில்லை. அது என் நாத்தனாருடைய கதை. எழுதுவதானால் அவள்தான் எழுத வேண்டும்.

ஜூலையில் ஒரு நாள் பாப்பாவின் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். நாத்தனார் தையல் வேலைக்குப் போய்விட்டதால் நான் போனேன். டீச்சர் நல்ல பொண்ணு, சின்ன வயசு. "இவ சேர்ந்து ஒன்றரை மாசமாச்சுங்கக்கா. ஒரு வார்த்தை பேசலீங்க. அட்டெண்டென்ஸ் எடுத்தா 'உள்ளேன்' கூடச் சொல்றதில்லை. பாத்ரூம் போகணும்னாலும் கேக்கத் தெரியல" என்றார். முந்தின நாள் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து, அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். பாப்பா எழுந்து நின்றிருக்கிறாள். நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். அப்புறம் பாவாடை நனைந்துவிட்டது.

டீச்சர் சொல்லி முடிக்கும் முன்னே எனக்கு நெஞ்சை அடைத்தது. பாப்பாவுக்காக மட்டும் இல்லை. 1997-ல் நானும் அப்படி ஒரு வகுப்பில் எழுந்து நின்றிருக்கிறேன்.

என் அப்பா லாரி டிரைவர். சங்ககிரிப் பக்கம் லாரித் தொழில் தெரியாத ஊரே கிடையாது. அப்பா வண்டி எடுத்தால் பதினைந்து நாள், இருபது நாள் ஆகும் திரும்ப. எனக்கு எட்டு வயசாக இருந்தபோது ஒரு தரம் போனவர் திரும்பவில்லை. கேட்டபோதெல்லாம் அம்மா, "லோடு ஏத்திட்டு வடக்க போயிருக்காரு" என்றார்கள். நாக்பூர், இந்தூர், ஜெய்ப்பூர் என்று ஒவ்வொரு தரமும் ஒரு ஊர். ஜியாகிரபியில் வருவதற்கு முன்னாலேயே அந்த ஊர்களெல்லாம் எனக்குத் தெரியும். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை என் மாமா போடுவார். "ஏன் மாமா நீங்க போடறீங்க?" என்று நான் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் பெரியவர்கள் எந்தப் பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்துகிறார்கள், எந்தப் பேச்சில் நம்மைக் கடைக்கு அனுப்புகிறார்கள் என்பது குழந்தைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

ஒன்றை மட்டும் நான் நிச்சயமாக நம்பினேன். அப்பா போனதற்கு நான்தான் காரணம் என்று. போவதற்கு முந்தின நாள் நான் ஹீரோ பேனா கேட்டு அழுதிருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வைத்திருந்தாள், தங்க மூடி போட்ட பேனா. அன்றைக்கு ராத்திரி அப்பாவும் அம்மாவும் பணத்தை வைத்துப் பெரிய சண்டை. விடிந்து பார்த்தால் அப்பா இல்லை. பேனாவால் ஒரு லாரியே போய்விட்டது என்று அந்த வயசில் நினைத்தேன். அதற்கப்புறம் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. பாவாடை கிழிந்தால்கூட ஊக்குப் போட்டுக்கொண்டு போவேன். "தங்கமான புள்ள, வாயே தொறக்காது" என்று ஊரில் நல்ல பேர். பள்ளிக்கூடத்தில் 'ஊமைக்கொட்டான்'.

2000-ம் வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு மாமா குடும்பத்தோடு பவானி கூடுதுறைக்குப் போனேன். எனக்குப் பதினொரு வயசு. கும்பல் என்றால் உங்களுக்குத் தெரியும், தாலிக்கயிறு மாற்றுகிற பெண்கள், முளைப்பாரி, தேங்காய் பழம் என்று படித்துறையே தெரியாது. படிக்கட்டுக்கு மேலே பஞ்சு மிட்டாய்க்காரனிடம் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். தோள் மேல் ஒரு பையன். பக்கத்தில் ஒரு பெண். என்னைப் பார்த்துவிட்டார். பையனை இறக்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். தலையைத் தடவினார். ஒரு பத்து ரூபாய் நோட்டை நாலாக மடித்து என் கையில் வைத்து, "அம்மாகிட்டச் சொல்லாத சாமி" என்றார். போய்விட்டார்.

அந்தப் பத்து ரூபாயை நான் செலவு பண்ணவே இல்லை. ஜாமெட்ரி பாக்ஸின் அடியில் பேப்பர் விரித்து அதற்குக் கீழே வைத்திருந்தேன். அம்மா மட்டும், "வண்டி இப்ப ராஜஸ்தான்ல நிக்குதாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் செத்துப்போய்விடுவார்கள் என்று பயம். தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று வாயில் துணியை வைத்துக்கொண்டு படுத்த ராத்திரிகள் உண்டு. 2009-ல் எனக்குக் கல்யாணம். பெட்டி அடுக்கும்போது அந்த ஜாமெட்ரி பாக்ஸ் அம்மா கையில் சிக்கியது. மடித்த நோட்டைப் பிரித்தவர், "இதென்ன கண்ணு, இத்தனை பத்திரமா வெச்சிருக்கற?" என்றார். சொன்னேன். அம்மா நோட்டை முழங்கால் மேல் வைத்து நீவி நீவிச் சரி பண்ணிக்கொண்டே, "எனக்கு அதுக்கும் முன்னாலயே தெரியுமே" என்றார்கள். "நீ சின்னப் புள்ள, தாங்க மாட்டீன்னு சொல்லாம உட்டேன்."

ஒன்பது வருஷம். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அதே ரகசியத்தைக் காத்திருக்கிறோம். யாருக்கு என்ன லாபம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அதனால்தான் டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே, "பாப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்" என்று வீட்டில் ஆரம்பித்தேன். பெரிய ரகளையாகிவிட்டது. என் மாமியார் கெட்டவர் இல்லை. மகள் திரும்பி வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் பேச்சு மட்டும் அப்படி. "எட்டு வயசுப் புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்? நாளைக்கு ஒறம்பரை வந்தா அது உளறி வெச்சுதுன்னா? பொட்டப் புள்ள, அதுக்கும் ஒரு கல்யாணம் காட்சி பாக்க வேண்டாமா?" என்றார். மூணாவது படிக்கிற பிள்ளையின் கல்யாணத்தை இப்போதே காப்பாற்றுகிறார்! வீட்டுக்காரர் வழக்கம்போல், "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு சந்தைக் கணக்கு நோட்டைத் திறந்துவிட்டார். நாத்தனார் எதுவும் பேசவில்லை. ராத்திரி அடுப்படியில் என்னிடம் வந்து, "எனக்கே இன்னும் நம்ப முடியலீங்கண்ணி. அவகிட்ட எந்த வாயில சொல்லுவேன்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பேச்சுக்குப் போகட்டும், முதலில் டாக்டரைப் பார்ப்போம் என்று அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். (மாமியாரிடம் 'கண் டாக்டர்' என்று சொல்லிவிட்டுத்தான் போனோம். பொய்யைக் குறை சொல்லி எழுதுகிற நானே இதையும் சொல்லியாக வேண்டும்.) அந்த டாக்டரம்மா பாப்பாவை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கலர் பென்சிலைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு எங்களிடம் பேசினார். 'செலக்டிவ் மியூட்டிசம்' என்று ஒன்று உண்டாம். வீட்டில் பேசுகிற குழந்தை பள்ளிக்கூடம் மாதிரி இடத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வாயே திறக்காமல் இருப்பது. புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் மாதம் பேசாமல் இருப்பதைக் கணக்கில் எடுக்க மாட்டார்களாம், அது எந்தக் குழந்தைக்கும் வரலாம். இது திமிரோ பிடிவாதமோ இல்லை, பயம். பேச வேண்டும் என்று நினைத்தாலும் தொண்டையில் குரல் வராது. "இவளுக்கு அதுதானான்னு இன்னும் கொஞ்ச நாள் பாத்துத்தான் சொல்லணும். பிறந்ததிலிருந்தே கூச்சம்ங்கிறீங்க. கூச்சம் வியாதி இல்லை. அம்மா அப்பா பிரிஞ்சதாலதான் பேசலைன்னும் நான் சொல்ல மாட்டேன்" என்றார். அப்புறம் பாப்பாவின் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துல வாயைத் திறந்தா அதுல எது வந்துடக் கூடாதுன்னு வீட்டுல எல்லாரும் நினைக்கறீங்க?"

நாத்தனார் அழுதுவிட்டாள்.

டாக்டரம்மா சொன்னதில் எனக்கு மனசில் நின்றவற்றை எழுதுகிறேன், யாருக்காவது உதவும். பேசு பேசு என்று நச்சரிக்கக் கூடாது. பேசினால் சாக்லேட் என்று பேரம் பேசக் கூடாது. வந்தவர்களிடம் அவள் காது கேட்க, "இவ பேசவே மாட்டாளுங்க" என்று சொல்லக் கூடாது. நாம் எல்லோரும் செய்கிற தப்பு இது, என் அம்மாயி என்னைப் பற்றி ஆயிரம் தரம் சொல்லியிருக்கும். வகுப்பில் அட்டெண்டென்ஸுக்குக் கையைத் தூக்கினால் போதும் என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளலாம். யாராவது ஒரு பிள்ளையோடு சேர்த்து உட்கார வைத்தால் முதலில் அந்தப் பிள்ளை காதில் பேசும், அது போதும். வீட்டு விஷயத்தில், பெரியவர்கள் சண்டையின் விவரம் ஒன்றும் குழந்தைக்கு வேண்டியதில்லை. ஆனால் இனிமேல் யார் எங்கே இருக்கப் போகிறார்கள், நான் எங்கே தூங்குவேன், அப்பாவைப் பார்க்கலாமா கூடாதா, இதெல்லாம் என்னால் வந்ததா என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் விட்டால் குழந்தை தானே ஒரு பதிலைச் சோடித்துக்கொள்ளும். அது நிஜத்தைவிட மோசமாக இருக்கும். எனக்கு ஹீரோ பேனா ஞாபகம் வந்தது.

இதற்கு நடுவே பெரியவர்கள் ஒரு பஞ்சாயத்து வைத்தார்கள். கோர்ட்டு கேஸ் எதற்கு, நாலு பெரிய மனுஷரை வைத்து, முத்திரைப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் பக்கம் இப்படித் தீர்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். என் அம்மாவுக்கு அந்தப் பத்திரம்கூடக் கிடையாது. எனக்கு மனசு கேட்காமல் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். 1987-ம் வருஷச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டுமாம். 15100 என்ற நம்பருக்குப் போன் பண்ணியும் கேட்கலாம். இத்தனை நாள் இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று இருந்தது.

அங்கே இருந்த வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். 1955-ம் வருஷ இந்து திருமணச் சட்டத்தில், ஜாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்வதைச் செல்லும் என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். ஆனால் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருந்தது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அந்தப் பத்திரம் வெறும் காகிதம். நாளைக்கு யாராவது ஒருத்தர் மறு கல்யாணம் செய்தால் சிக்கல். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிவது என்பது 1976-ல்தான் அந்தச் சட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் கோர்ட்டு தள்ளுபடி செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் சொல்லியிருக்கிறது. விவாகரத்துக்குப் போகாவிட்டாலும் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம். முன்னே 125-வது பிரிவு என்பார்களே, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 144-வது பிரிவு.

"புள்ளை அப்பனுக்குத்தான் சொந்தம்" என்று பஞ்சாயத்தில் ஒரு பெரியவர் சொன்னதை நாத்தனார் பயந்து பயந்து கேட்டாள். அதற்கு வக்கீலம்மா சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. கீதா ஹரிஹரன் என்று ஒரு எழுத்தாளர், நம் கோயமுத்தூரில் பிறந்தவர். 1984-ல் தன் சின்ன மகன் பேரில் ரிசர்வ் பேங்க் பத்திரத்தில் பணம் போட, தான் கையெழுத்திட்டு விண்ணப்பித்திருக்கிறார். அப்பா கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் பிரிந்த புருஷன் பெண்டாட்டி இல்லை, இரண்டு பேரும் சேர்ந்துதான் வழக்குப் போட்டார்கள். வந்தனா சிவா என்கிற சுற்றுச்சூழல் ஆர்வலருடைய வழக்கும் அதோடு சேர்ந்தது. அவர் புருஷனோ, பிள்ளைக்கு நான் ஒருத்தன்தான் இயற்கைக் காப்பாளர் என்று கோர்ட்டில் நின்றவர். 1956-ம் வருஷச் சட்டத்தில், குழந்தைக்குக் காப்பாளர் தகப்பன், 'அவருக்குப் பிறகு' தாய் என்று எழுதியிருக்கிறது. 1999 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொன்னது. அவருக்குப் பிறகு என்றால் அவர் செத்த பிறகு என்று மட்டும் இல்லை. அவர் பிள்ளையைக் கவனிக்காமல் ஒதுங்கி இருந்தாலும், பிள்ளையின் பொறுப்பு தாயிடம் இருந்தாலும், தாயே காப்பாளர்தான் என்று. அஞ்சு வயசுக்குள் இருக்கிற குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கும் அப்பனா ஆத்தாளா என்று பார்ப்பதைவிட, எது குழந்தைக்கு நல்லது என்றுதான் பார்க்க வேண்டும், விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் ஜட்ஜ் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்றார்.

1999-ல் எனக்குப் பத்து வயசு. தாயும் காப்பாளர்தான் என்று டெல்லியில் தீர்ப்பு வந்த அதே வருஷம் என் ரேங்க் கார்டில் மாமா, அப்பா பேரைக் கையெழுத்தாகப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றும் தோன்றியது. ஒத்துவராத கல்யாணத்திலிருந்து விலகிக்கொள்ள உரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்களே, அதை நடத்திய பெரியார் எங்கள் ஊர்க்காரர். அவர் பேரில் ரோடு இருக்கிறது, சிலை இருக்கிறது. அந்த ஊரில்தான் நாங்கள் துபாய் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார் தானே தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள். கொல்லையில் மூன்று பேரும் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தோம். முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட, கை வேலையாக இருக்கும்போது சொல்வது கூச்சப்படுகிற குழந்தைக்குச் சுலபம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "பாப்பா, அம்மா ஒண்ணு சொல்லணும். அப்பா துபாய் போகல. நம்ம சித்தோட்டு வீட்டுலதான் இருக்குது. அம்மாவும் அப்பாவும் இனிமே ஒரே வீட்டுல இருக்க மாட்டோம். நீ ஒரு தப்பும் பண்ணல. அப்பா உன்ற அப்பாதான். நீ பாக்கலாம்" என்றாள். குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லி முடித்துவிட்டாள்.

பாப்பா உரித்துக்கொண்டே இருந்தாள். நாலு காய், அஞ்சு காய். அழுவாள், கத்துவாள் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவள் கேட்டது: "அப்ப அங்க இருக்கற ஆட்டுக்குட்டிக்கு யாரும்மா தழை போடறாங்க?"

அன்றைக்கு ராத்திரி என் பக்கத்தில் படுத்தாள். விளக்கை அணைத்த பிறகு, "அத்தை, துபாய் இல்லீன்னு எனக்குத் தெரியும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படிக் கண்ணு என்று கேட்டேன். "அப்பா போன்ல பேசறப்ப பின்னாடி, 'பவானி, பவானி, பவானி'ன்னு கண்டக்டர் கூப்பிட்டாங்க." எந்த மாதத்தில் என்றேன். "லீவுலயே" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அப்பா வெயிலுன்னு சொல்லுச்சு. நானும் சரீன்னு சொன்னேன். பள்ளிக்கோடத்துல துபாய்னு சொன்னா பொய்யி. சித்தோடுன்னு சொன்னா அம்மாயி திட்டும்."

அந்த வகுப்பில் அவள் எழுந்து நின்றபோது எதுவும் வாயில் வராமல் நின்றது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று கதை மாதிரி எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஆகவில்லை. சொன்னதற்கு அடுத்த வாரம் முழுக்கப் பாப்பா ராத்திரியில் பயந்து பயந்து எழுந்தாள். அம்மாவிடம் கோபம், என்னிடம் கோபம், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். இது நல்லதுதான், அடக்கி வைத்தது வெளியே வருகிறது என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு அப்போது நல்லதாகப் படவில்லை, பொறுத்துக்கொண்டேன். வகுப்பில் இன்னும் சத்தமாகப் பேசுவதில்லை. அட்டெண்டென்ஸுக்குக் கையைத் தூக்குகிறாள். பக்கத்தில் உட்காரும் பெண் காதில் பேசுகிறாள், அந்தப் பெண் எழுந்து, "மிஸ், இவ தண்ணி குடிக்கப் போகணுமாங்க" என்று சொல்கிறது. இரண்டாவது, நாலாவது ஞாயிற்றுக்கிழமை வ.உ.சி. பூங்காவில் அப்பாவைப் பார்க்கிறாள். ஒரு தரம் அவர் ஆட்டுக்குட்டியையே டி.வி.எஸ். வண்டியில் வைத்துக் கூட்டி வந்துவிட்டார். பூங்கா வாட்ச்மேனுக்கும் அவருக்கும் வாக்குவாதம், பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாளாம். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் தனி. ஆனால் அன்றைக்கு அதை நான் வெளியே காட்டவில்லை.

இந்த மாதிரி ஒரு குழந்தை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால் கேட்பதற்கு இடம் இருக்கிறது. குழந்தைகளுக்கான 1098 எந்த நேரமும் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417 இருக்கிறது. காசு வேண்டியதில்லை. என் அம்மா காலத்தில் அவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது, தெரிந்திருந்தாலும் போன் பண்ண ஊரில் ஒரே ஒரு எஸ்.டி.டி. பூத்து, அதை வைத்திருந்ததும் சொந்தக்காரர்.

என் மாமியார் மட்டும் இன்னும் மாறவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் மருமகன் துபாயில்தான் இருக்கிறார். தீபாவளிக்கு அடுத்த நாள் கோபியிலிருந்து ஒறம்பரை வந்திருந்தார்கள். மாமியாரின் சித்தி மகள், எதையும் நோண்டிக் கேட்கிற ரகம். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "ஏனம்மிணி, உங்கப்பன் எங்க இருக்குது?" என்று பாப்பாவைக் கேட்டார். எனக்கு அடுப்படியில் கை நின்றுவிட்டது. மாமியார் வாயைத் திறப்பதற்குள் பாப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, கேட்டும் கேட்காத குரலில், "சித்தோட்டுலீங்க" என்றாள்.

மாமியார் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அப்புறம், "இரு, காப்பி கொண்டாறேன்" என்று உள்ளே வந்தார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு என்னிடம், "சர்க்கரை எந்த டப்பாவுல வெச்சிருக்கற?" என்று கேட்டார். பதினாறு வருஷமாக அது ஒரே டப்பாதான். எடுத்துக் கொடுத்தேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.